சால்டர் வைப்பது வாங்குகிறவர், கையெழுத்துப் போடுவது நான்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நடப்பதைத் தொழிற்சாலை என்று சொன்னால் கீழே இருக்கும் மாமியாரே சிரிப்பார். ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் ஸ்டூல்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். எலெக்ட்ரானிக்ஸ் கிட் போடுகிறேன். ஜிப்லாக் பையில் ஒரு பி.சி.பி. (பாகங்களைச் செருகும் செம்புத் தடம் போட்ட போர்டு), சில ரெசிஸ்டர்கள், டிரான்சிஸ்டர், எல்.இ.டி., ஒரு சுருள் சால்டர் (பாகங்களைப் போர்டில் ஒட்ட உருக்கி வைக்கும் உலோகக் கம்பி), தமிழில் ஒரு விளக்கத்தாள். அறிவியல் கண்காட்சிக்கு வாங்கும் பள்ளிப் பிள்ளைகள், ஐ.டி.ஐ. மாணவர்கள், ரிட்டயர்டு ஆனபிறகு பழைய ஆசையைத் தூசி தட்டி எடுக்கும் பெரியவர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி சால்டரிங் லைனில் சில வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைப்பழக்கத்தை நம்பி ஆரம்பித்தது இது. பொருள் எண்ணிப் பை போட இரண்டு பெண்கள் கூட இருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. சொல்தா வீடு என்போம். பக்கத்துத் தெரு சொல்தா தாத்தாவின் மருமகன் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர். லீவுக்கு வந்தபோது மாடி ஏறி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதை அங்க எடுத்துட்டுப் போய் விக்கலாமே, தமிழ்லயே விளக்கம் இருக்கே" என்றார். எனக்கும் சந்தோஷம். ஊருக்குப் போய் அவர் அனுப்பிய மெயிலில் மூன்று வரிதான் இருந்தது. ரோஹ்ஸ் டிக்ளரேஷன் வேண்டும். சி.இ. குறி, அதாவது பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று செய்கிறவர் போடும் குறி, வேண்டும். சால்டரில் லெட், அதாவது காரீயம், பேச்சில் வெறும் ஈயம் என்போமே அது, இருக்கக் கூடாது.

அந்த மூன்று வரி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கிட் போடுகிற வேறு யாராவது இதே இடத்தில் வந்து நின்றால் உதவும்.

ரோஹ்ஸ் என்பது ஐரோப்பிய யூனியனின் விதி. 1 ஜூலை 2006 முதல் அமலில் இருக்கிறது. 2011-இல் அதைத் திருத்தி 2011/65 என்ற எண்ணில் புதிதாகக் கொண்டுவந்தார்கள், சி.இ. குறியோடும் முடிச்சுப் போட்டார்கள். காரீயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இரண்டு வகைப் புரோமின் சேர்மங்கள் ஆகிய ஆறும் மின், மின்னணுப் பொருள்களில் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. 22 ஜூலை 2019 முதல் பிளாஸ்டிக்கை இளக்கமாக்கும் நான்கு தாலேட்டுகளையும் சேர்த்துவிட்டார்கள். காட்மியத்துக்கு வரம்பு 0.01 சதவீதம், மற்ற எல்லாவற்றுக்கும் 0.1.

இந்த 0.1 சதவீதம் எதில் என்பதில்தான் முதல் அடி விழுகிறது. முழுக் கிட்டின் எடையில் இல்லை, போர்டின் எடையிலும் இல்லை. மேலும் பிரிக்க முடியாத ஒவ்வொரு சீரான பொருளிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒயரில் செம்பு தனி, மேலே இருக்கும் பி.வி.சி. உறை தனி. டிரான்சிஸ்டர் காலில் உள்ள பூச்சு தனி. சால்டர் வைத்த ஒரு பொட்டு தனி. நாம் எப்போதும் வாங்கும் 60/40 சால்டரில் 60 சதவீதம் வெள்ளீயம் என்கிற டின், 40 சதவீதம் காரீயம், அதாவது வரம்பைப் போல 400 மடங்கு. ஒரு பொட்டு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 0.05 மில்லிகிராம் காரீயம்தான் இருக்கலாம். பழைய சால்டர் ஒட்டிய பிட்டால், அதாவது சால்டரிங் அயர்னின் சூடான முனையால், தொட்டாலே கணக்கு தாண்டிவிடும். அதனால் எங்கள் மேசையில் இப்போது இரண்டு அயர்ன், இரண்டு ஸ்பாஞ்சு. பச்சை டேப் சுற்றியது ஈயம் இல்லாதது. அதில் யாராவது பழைய சால்டரைத் தொட்டால் பை போடும் அக்காவே சத்தம் போடுவார், நான் தேவையில்லை.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது தொழிற்சாலை. போர்டு உள்ளே போகும், ஓவனில் வேகும், டி.வி.யாக வெளியே வரும். இணைப்பை வைப்பதும் விற்பதும் ஒரே ஆள். கிட் விஷயத்தில் அப்படி இல்லை. நான் விற்கும்போது பையில் ஒரு இணைப்புகூட கிடையாது. அதை வைக்கப் போவது பாரிஸ் பக்கத்தில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கும் பையன். அவன் எந்த அயர்னை எடுப்பான், எந்தச் சால்டரை வைப்பான் என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் என் பொறுப்பு எதுவரை? ஆராய்ச்சிக் கருவிகளுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக்காக மட்டுமே செய்து, நிறுவனத்துக்கு நிறுவனம் விற்பதற்கு. பிள்ளைகள் வாங்கும் கிட் அதற்குள் அடங்காது. முழு செட்டாகப் பையில் போட்டு, இதைச் சேர்த்தால் இந்தக் கருவி வரும் என்று விற்கிறேன். ஆகவே முடிந்த கருவியாகவே நினைத்து வேலை செய்வதுதான் பத்திரம் என்று முடிவு செய்தேன்.

சால்டர் சுருளுக்கு வேறொரு பூட்டும் இருக்கிறது. காரீயம் கருவைப் பாதிக்கும் பொருள் என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருப்பதால், 1 மார்ச் 2018 முதல் 0.3 சதவீதத்துக்கு மேல் காரீயம் உள்ள கலவையைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. தொழில் செய்கிறவர்கள் வாங்கலாம். பிள்ளை வாங்கும் பையில் 60/40 சுருளைப் போட்டு அனுப்ப வழியே இல்லை.

நம் நாட்டிலும் இது உண்டு. 2011-இல் வந்த மின்கழிவு விதிகளிலேயே இதே ஆறு பொருள், இதே வரம்பு. இப்போது நடப்பில் இருப்பது 2022-ஆம் ஆண்டு விதிகள், 1 ஏப்ரல் 2023 முதல். ஆனால் குறு நிறுவனங்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குறு என்றால் 2025 ஏப்ரலிலிருந்து முதலீடு இரண்டரைக் கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை. என் மாடி அந்த வரம்பை எட்ட ஏழு ஜென்மம் ஆகும். ஆகவே கடலூரில் ஒரு பள்ளிக்கு விற்றால் இந்தச் சட்டம் என்னைத் தொடாது, பாரிஸுக்கு விற்றால் ஒவ்வொரு ஒயருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதியில் சின்ன ஆள், பெரிய ஆள் வித்தியாசம் இல்லை.

சரி, பையைப் பிரிப்போம். எங்களிடம் அதிகம் போகும் கிட் 'இருட்டினால் எரியும் விளக்கு'. கண்காட்சிக்குப் போன எல்லாரும் பார்த்திருப்பீர்கள், தானியங்கித் தெருவிளக்கு என்று தெர்மாகோல் ரோட்டில் நட்டு வைத்திருப்பார்கள். ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பாகம்), ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், ஒரு ப்ரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்), ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி கிளிப். இதற்கு மேல் எளிமையாக ஒரு சர்க்யூட் இருக்க முடியாது. ஈயம் இல்லாத சால்டரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம்.

மாட்டியது எல்.டி.ஆர். அதன் முகத்தில் வளைந்து வளைந்து போகும் கோடாகத் தெரிவது காட்மியம் சல்ஃபைடு. எடைக் கணக்கில் அந்தப் படலத்தில் 78 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட காட்மியம்தான். வரம்பு 0.01. இதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, எடுத்துவிட வேண்டியதுதான்.

மாற்று, வெளிச்சத்துக்கு ஏற்றபடி கரண்ட் விடும் போட்டோ டிரான்சிஸ்டர். கேட்பதற்கு எளிது. முதல் தொல்லை, எல்.டி.ஆருக்கு இந்தக் கால் அந்தக் கால் என்று கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். போட்டோ டிரான்சிஸ்டருக்குக் கலெக்டர், எமிட்டர் பார்த்துச் செருக வேண்டும். அதோடு அது அச்சு அசல் வெள்ளை எல்.இ.டி. மாதிரியே இருக்கும். பையில் இரண்டும் கிடந்தால் பிள்ளைகள் மாற்றிச் செருகிவிடுவார்கள். அதற்காகத் தனிச் சின்னப் பை, அதில் சிவப்பு ஸ்டிக்கர்.

இரண்டாவது தொல்லை இன்னும் வேடிக்கை. சாதாரண சிலிக்கான் போட்டோ டிரான்சிஸ்டர் நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டைத்தான் அதிகம் பார்க்கும். வெயிலில் அது நிறைய இருக்கிறது, எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். கூடத்தில் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டது என்று நினைத்து நம் விளக்கு எரிய ஆரம்பிக்கும். டி.வி. ரிமோட்டை நீட்டி அழுத்தினால் சிமிட்டும். பிள்ளைகளுக்கு ரிமோட் விளையாட்டு பிடிக்கும், வாத்தியாருக்குப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே பொருந்தும்படி 570 நானோமீட்டர் பக்கம் உச்சம் வைத்துச் செய்யும் வகை இருக்கிறது. விலை கூட, ஆனால் அதுதான் சரி.

அடுத்து, அது விடும் கரண்ட் குறைவு. அறை வெளிச்சத்தில் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். அதனால் ப்ரீசெட்டை 100கே ஓமிலிருந்து 470கே-க்கு ஏற்ற வேண்டியதாயிற்று. ஏற்றியதும் பி.சி.547-ஐத் திறந்து மூடும் காலான பேஸுக்குப் போகும் கரண்ட் குறைந்து எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. இன்னொரு பி.சி.547 சேர்த்து, ஒன்று மற்றதை ஓட்டும்படி டார்லிங்டனாகக் கட்டினேன். அப்புறம் பார்த்தால், டியூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிப்பதை எல்.டி.ஆர். அதன் மந்தத்தில் கண்டுகொள்ளாது, போட்டோ டிரான்சிஸ்டர் விடாமல் கண்டுகொள்கிறது. அணையும் எரியும் எல்லையில் நிற்கும்போது எல்.இ.டி. நடுங்கியது. பேஸில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு அடக்கினேன். ஆக, ஒரு பொருளை எடுத்ததற்கு மூன்று பொருள் உள்ளே வந்தது, போர்டு புதிது, விளக்கத்தாள் புதிது. ஈயத்தைப் பற்றிக் கேட்டு வந்த மெயிலில் இத்தனை வேலையை வைத்தது காட்மியம்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்று பேட்டரி கிளிப். அதன் சிவப்பு, கறுப்பு ஒயர். மலிவான பி.வி.சி. உறையில் சூட்டில் கெடாமல் இருக்கக் காரீய உப்பைக் கலப்பது பழைய வழக்கம், இளக்கத்துக்குத் தாலேட். உறை தனிப் பொருள் என்பதால் அதற்கே 0.1 சதவீதம். எந்தக் கடையிலும் கிளிப்பை எடையில் தருவார்கள், எந்தக் கம்பெனி ஒயர் என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் பிரச்சினை இல்லை. இன்றைக்கு வருவதெல்லாம் காலில் வெறும் வெள்ளீயப் பூச்சுதான். சில இடங்களில் விலக்கும் உண்டு. பாகத்துக்குள் இருக்கும் கண்ணாடி, பீங்கானில் உள்ள காரீயத்துக்கு விலக்கு. பித்தளையில் 4 சதவீதம் வரை விலக்கு. இப்படி ஒரு நீளப் பட்டியல், காலாவதித் தேதியோடு.

தொழில்நுட்பம் ஒரு வழியாக முடிந்தது. காகிதம்தான் சின்ன ஆளின் கழுத்தைப் பிடிக்கிறது. இத்தனை வருஷமாகச் சரக்கு எடுத்தது சென்னை ரிச்சி தெருவில். ஈ.சி.ஆர். பஸ்ஸில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் எடுத்துவிடலாம். நூறு டிரான்சிஸ்டரை எண்ணிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அங்கே ஒரு கடையில் ரோஹ்ஸ் பேப்பர் கேட்டேன். "மேடம், எல்லாமே ரோஹ்ஸ்தான், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்து வருஷம் கோப்பில் வைத்திருக்க வேண்டிய ஆவணத்தில் 'கடைக்கார அண்ணன் சொன்னார்' என்று எழுத முடியாது. பாகத்தின் எண், செய்தவர் பெயர், அவர் தந்த அறிக்கை வேண்டும். பெரிய விநியோகஸ்தர்களிடம் ஒவ்வொரு பாகத்துக்கும் அது இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் அங்கே விலையும் வேறு, சில பாகங்களை ஆயிரக்கணக்கில்தான் எடுக்க வேண்டும். எனக்கு நூறு போதும் என்பது அவர்களுக்கு ஒரு ஆர்டரே இல்லை.

போர்டு செய்கிறவரிடமும் இதேதான். ஒன்றும் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் பல இடங்களில் பேடுகளில், அதாவது பாகத்தின் கால் ஒட்டும் செம்பு வட்டங்களில், ஈயம் கலந்த சால்டரையே பூசி அனுப்புவார்கள். ஈயம் இல்லாத பூச்சு என்று ஆர்டரில் எழுத வேண்டும், பில்லிலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சே இல்லாமல் மேலே மெல்லிய ரசாயனப் படலம் மட்டும் போடும் வகை மலிவு. ஆனால் எங்கள் தெருவில் நின்றால் கடல் சத்தம் கேட்கும். இந்த உப்புக் காற்றில் மாதக்கணக்கில் இருக்கும் சரக்குக்கு அது தாங்காது, அதை நான் எடுப்பதில்லை.

இடையில் ஒரு ஏஜென்ட் போன் செய்தார். ரோஹ்ஸ் சர்ட்டிஃபிகேட், சி.இ. சர்ட்டிஃபிகேட் இரண்டும் ஒரே பேக்கேஜில் வாங்கித் தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல சால்டரிங் ஸ்டேஷனே வாங்கிவிடலாம். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்: ரோஹ்ஸுக்கு எந்த அரசாங்கமும் சான்றிதழ் தருவதில்லை. செய்கிறவரே ஆதாரங்களைத் திரட்டி, கோப்பு போட்டு, என் பொருள் விதிக்கு உட்பட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை எப்படிப் போடுவது என்பதற்கு 63000 என்ற எண்ணில் ஒரு தரநிலையே இருக்கிறது. சந்தேகமான பாகத்தை மட்டும் லேபில் எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ்-கதிரால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்க்கும்) சோதனைக்குக் கொடுக்கலாம். பேட்டரி கிளிப் ஒயரை நான் அப்படித்தான் கொடுத்தேன். ஏஜென்ட் விற்கும் அழகான முத்திரைக் காகிதம் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. நாளைக்கு ஒன்று என்றால் அங்கே கேட்பது என்னையும், இறக்குமதி செய்தவர் என்ற முறையில் அந்த மருமகனையும்தான். அவர் பெயர், விலாசமும் பொருளோடு போக வேண்டும். இதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார், நியாயம்தானே.

இனி சால்டர். 63/37 கலவை 183 டிகிரியில் உருகி, 183-லேயே உறையும். கை பழக அதைவிட நல்ல கலவை கிடையாது. ஈயம் இல்லாததில் பெரிய கம்பெனிகள் விரும்புவது சாக்305. வெள்ளீயத்தில் 3 சதவீதம் வெள்ளி, 0.5 செம்பு, 217 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். நூறு கிராம் ரோலில் மூன்று கிராம் வெள்ளி. வெள்ளி விலை போகிற போக்கில் அதைப் பிள்ளைகள் கிட்டில் போட எனக்கு மனசு வரவில்லை. நான் போடுவது வெள்ளீயம் 99.3, செம்பு 0.7. உருகுவது 227 டிகிரி, பழையதைவிட 44 டிகிரி கூட. 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் கலவை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அதுவே போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இணைப்பு முறியும் தன்மை அதிகம். பழைய பிட்டிலிருந்தோ பழைய பாகத்திலிருந்தோ காரீயம் கலந்தால் 96 டிகிரியிலேயே இளகும் கலவை உள்ளே உண்டாகிவிடும்.

44 டிகிரி என்பது படிக்கச் சின்ன எண். பிள்ளையின் கையில் 25 வாட் சாதா அயர்ன் இருக்கும்போது அது பெரிய எண். சூடு போதாமல் சால்டர் ஓடாது, பிள்ளை அழுத்தித் தேய்க்கும், பேடு உரிந்து வந்துவிடும். அட்டை வகை போர்டில் இது நிச்சயம் நடக்கும். அதனால் ஃபைபர் போர்டுக்கு மாறினேன், பேடுகளை நீள்வட்டமாகப் பெரிதாக்கினேன், கிரவுண்டில் சேரும் பேடுகளைச் சுற்றிச் செம்பை வெட்டி நாலு மெல்லிய பாலம் மட்டும் விட்டேன், சூடு ஓடிப் போகாமல் நிற்கும். விளக்கத்தாளில் முதல் வரியே, சூட்டை ஏற்றாதீர்கள், பிட்டை மாற்றுங்கள் என்பதுதான். ஊசி முனை வேண்டாம், உளி முனை. 350 டிகிரி போதும். 420 வைத்தால், சால்டர் நன்றாகப் பரவ அதற்குள்ளேயே வைத்திருக்கும் ஃப்ளக்ஸ் கருகும், பிட்டும் சீக்கிரம் போகும். வெள்ளீயம் அதிகம் உள்ள சால்டர் பிட்டின் மேல் உள்ள இரும்புப் பூச்சைத் தின்னும், சூடு கூடக் கூட இன்னும் வேகமாக.

அரசு ஐ.டி.ஐ. ஒன்றிலிருந்து ஒரு பயிற்றுநர் கூப்பிட்டார். "மேடம், பசங்க வைக்கிறது எல்லாம் டிரை சால்டரா இருக்கு, சரக்கு சரியில்லை போல." சரியாகப் பிடிக்காத இணைப்பைத்தான் டிரை சால்டர் என்பார்கள். போட்டோ அனுப்பச் சொன்னேன். எல்லாமே நல்ல இணைப்புகள். அவர் முப்பது வருஷமாகப் பளபளப்பைப் பார்த்து மார்க் போட்டவர். இந்தச் சால்டர் உறையும்போது மேற்பரப்பு மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அடிவாரத்தை. காலும் பேடும் சேர்ந்து சூடாகியிருந்தால் சால்டர் பேடின் விளிம்பு வரை பரவி, காலை நோக்கிக் குழிந்து ஏறியிருக்கும். சூடாகாத பேடில் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். ஈயம் இல்லாத சால்டர் இயல்பிலேயே கொஞ்சம் குறைவாகத்தான் பரவும், அதனால் விளிம்பில் நூலளவு பேடு தெரிந்தால் பரவாயில்லை. இதைப் போனில் விளக்கி முடிக்க வெகு நேரம் ஆனது. இப்போது நல்லது நான்கு, கெட்டது நான்கு என்று படம் எடுத்து விளக்கத்தாளின் பின்பக்கம் அச்சடித்துவிட்டேன்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. புகையில் ஈயம் வருமா? வராது. காரீயம் கொதிப்பது 1749 டிகிரியில், நம் பிட் அதன் கிட்டேயே போவதில்லை. புகை ஃப்ளக்ஸில் உள்ள குங்கிலியம் மாதிரியான பிசினிலிருந்து வருவது. ஈயம் இல்லாத சால்டரிலும் அது வரும், சூடு கூட என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வரும். சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. சால்டரைப் பிடித்த விரலோடு முறுக்கைத் தின்றால் போகும். காரீயத்தில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். சிலர், ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே என்பார்கள். அது வெள்ளீயம் அம்மா, காரீயம் கலக்காதவரை ஒன்றும் செய்யாது.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் உள்ளூர்க் கிட்டிலும் 60/40 சுருளை நிறுத்தினேன். சட்டம் என்னைக் கேட்கவில்லை. தங்கள் கிட்டில் இன்னும் அதைப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கை கழுவச் சொல்லிக் கொடுத்தால் கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாக அதில் பழகலாம், பழகுவதற்கு அதுதான் சுலபம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் என் பைகளைப் பிரிப்பது பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள், கூடவே நாலு வயசுத் தம்பியும் உட்கார்ந்திருப்பான். வெறும் 14 பிளஸ் என்று பை மேல் அச்சடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பொம்மை என்று வந்தால் நம் நாட்டில் 1 ஜனவரி 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது தனிப் புராணம், அதற்கு வேறொரு நாள்.

ஈயம் இல்லாத பக்கமும் சும்மா இல்லை. வெறும் வெள்ளீயப் பூச்சில் நாளாவட்டத்தில் மயிரிழை மாதிரி உலோக இழைகள் தானாக முளைத்து ஷார்ட் ஆக்கும். கொஞ்சம் காரீயம் கலந்தால் அது அடங்கும். 1998-இல் அமெரிக்காவில் பேஜர்களை ஊமையாக்கிய கேலக்ஸி 4 செயற்கைக்கோள் கோளாறுக்கு அந்த இழைகளைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். விண்வெளிக் கருவிகளுக்கு இந்த விதியே பொருந்தாது. தெர்மாகோல் தெருவிளக்குக்கு நான் அந்தக் கவலையைப் படவில்லை. கார் பேட்டரியில் கிலோக்கணக்கில் காரீயம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு என் அரை மீட்டர் சுருளையா பிடிப்பார்கள் என்று முதலில் எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் கார் பேட்டரியைப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் வருகிறார், அதற்கென்று தனி விதியும் இருக்கிறது. கண்காட்சி முடிந்து உடைந்த விளக்கு போர்டை யாரும் எடுத்துக்கொள்வதில்லை, தெர்மாகோலோடு குப்பையில் எரிகிறது.

விலை? உள்ளூரில் 140 ரூபாய்க்கு விற்றது இப்போது 185. பள்ளிகள் முணுமுணுத்தன, சில பள்ளிகள் போயின. மிஞ்சிய எல்.டி.ஆர்.களைப் புதுக் கிட்டில் போடுவதில்லை. தனி டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், இயற்பியல் லேபுக்கு வேண்டும் என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு மட்டும், உடைக்க வேண்டாம் என்று சொல்லித் தருகிறேன். பாதி ரோல்களாகக் கிடந்த 60/40 சால்டரைத் தெருமுனையில் பழைய வால்வு ரேடியோ பழுது பார்க்கும் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஐரோப்பாவிலேயே 2006 ஜூலைக்கு முன் விற்ற கருவிகளின் பழுதுபார்ப்பு உதிரிகளுக்கு விலக்கு உண்டு, இவருக்கு என்ன. அவருக்கு ஏக சந்தோஷம். "இனிமே வர்றதையும் எனக்கே குடும்மா" என்றார். இனிமேல் வராது அண்ணே என்றேன்.

பாரிஸ் பைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. வகுப்பில் பிள்ளைகள் வைத்த இணைப்புகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு போர்டில் போட்டோ டிரான்சிஸ்டர் தலைகீழாக இருந்தது, ஸ்டிக்கர் ஒட்டியும். அடுத்து எஃப்.எம். ரேடியோ கிட் வேண்டும் என்று அந்த மருமகன் கேட்கிறார். ரேடியோ என்றால் ஐரோப்பாவில் அதற்கென்று 2014/53 என்று தனி விதி. வெறுமனே ஒலிபரப்பைக் கேட்கும் ரிசீவரும் அதற்குள் வரும். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தாங்களே சேர்த்துப் பயன்படுத்தும் கிட்டுக்கு விலக்கு இருக்கிறது, வார இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்கு இல்லை. இப்போதைக்கு முடியாது தம்பி, எல்.இ.டி. பகடை கிட் ஒன்று தயாராக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.